ஜாகாவும் ஜாக்கிரதையும்: 'விழித்திருங்கள்'னா என்னா?

போன டிசம்பர்ல கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல எங்க சபை வாட்ச்நைட் சர்வீஸுக்கு, அதாவது வருஷக் கடைசி ராத்திரி முழிச்சிருந்து ஜெபிக்கிற ஆராதனைக்கு, நோட்டீஸ் அடிக்கணும்னு தம்பிங்க வந்தாங்க, வாட்ச்நைட்டுக்குத் தமிழ்ல என்னா அங்கள்னு கேட்கறதுக்குள்ள ஒருத்தன் 'கடிகார இரவு'ன்னு டிசைனே போட்டு காட்டிட்டான். சிரிச்சு முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த வாட்ச்சு கையில கட்டறது இல்லடா, காவலு. 1733ல ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்டுங்கிற ஊர்ல மொராவியர் சபைக்காரங்க வருஷக் கடைசி ராத்திரிய இப்படி ஜெபத்துல கழிச்சாங்க, அப்பறம் மெதடிஸ்ட்காரங்க மூலமா ஊர் ஊரா பரவுச்சு. சரி, அது இருக்கட்டும், நான் சொல்ல வந்தது அந்த காவலுக்குள்ள இருக்கிற சொல்லப் பத்தி.

மத்தேயு 24:42ல 'விழித்திருங்கள்'னு படிக்கிறோம்ல, அங்க கிரேக்கத்துல இருக்கிற வினை 'கிரெகோரெயோ'. கிரிகோரின்னு பேரு வைக்கிறாங்களே, அது இதுலருந்து வந்ததுதான், முழிச்சிருக்கிறவன்னு அர்த்தம். இதுக்கும் சமஸ்கிருத 'ஜாகர்'ங்கிறதுக்கும் ஒரே பூர்வீக வேருன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்த ஜாகர் தமிழுக்குள்ள வந்து 'ஜாக்கிரதை' ஆச்சு, மலாய்க்குள்ள போயி 'ஜாகா' ஆச்சு, மலாய்லருந்து திரும்ப நம்ம வாய்க்கே வந்துருச்சு. அப்பா என்னா வேல பாக்குறாருன்னு கேட்டா சின்ன வயசுல நான் சொன்ன பதிலு 'ஜாகா'. பினாங்குல வெல்ட் கீ பக்கம் ஒரு கிடங்குல ராத்திரி காவலு. அந்தக் காலத்துல பேங்க் வாசல்லயும் கடை வாசல்லயும் கயித்துக் கட்டில் போட்டு உக்காந்திருப்பாங்களே பஞ்சாபி பாய்மாருங்க, அவங்களும் ஜாகாதான், இப்ப எங்க கொண்டோ அடுக்குமாடியில நிக்கிற நேப்பாள்காரரும் ஜாகாதான். அவரு பாஷையில 'ஜாக்னு'ன்னா முழிச்சிருக்கிறதுன்னு அவரே சொன்னாரு, எனக்கு ஒரே ஆச்சரியம். மலாய் பைபிள்லயும் இதே வசனத்துக்கு 'பெர்ஜாகா-ஜாகா'தான்.

இப்ப ஜாக்கிரதைக்கு வருவோம், இதுதான் ரொம்ப பேரு தப்பா பிடிச்சிக்கிறது. நமக்கு ஜாக்கிரதைன்னா கேட்ல 'நாய் ஜாக்கிரதை'ன்னு தொங்குற போர்டு, அதாவது பயம். ஆனா நம்ம பழைய தமிழ் பைபிள்ல ரோமர் 12:11 பாருங்க, 'அசதியாயிராமல் ஜாக்கிரதையாயிருங்கள்'. அங்க யாரும் பயப்பட சொல்லல, சோம்பேறியா கிடக்காதன்னுதான் சொல்லியிருக்கு, ஊக்கம், சுறுசுறுப்புன்னு எடுத்துக்கலாம். வேர்ல முழிப்பு, பழைய பைபிள்ல சுறுசுறுப்பு, இப்ப பயம். கடைசி காலம்னு யாராச்சும் பேச ஆரம்பிச்சாலே நாய் போர்டு மாட்டுன மாதிரி சபையில எல்லாருக்கும் மூஞ்சி மாறுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நெனக்கிறேன்.

நல்ல தமிழ்ல விழிப்பு, விழித்திருத்தல், அதுவே போதும். ஆளுக்கு 'ஜாமக்காரன்'னு பைபிள்ல வருது, சங்கீதம் 130ல விடியலுக்குக் காத்திருக்கிறவங்க. அந்த ஜாமம்தான் நம்ம யாமம், புறநானூறுலயே ராக்காவல்காரங்களுக்கு 'யாமங்கொள்பவர்'னு பேரு இருக்கு. நம்ம கணக்குல ராத்திரிக்கு நாலு யாமம், ரோமாக்காரங்களும் ராத்திரிய நாலா பிரிச்சாங்க, மாற்கு 13:35ல சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவுற நேரம், காலைன்னு வர்றது அந்த நாலுதான். அதுக்கு முன்னாடி வசனத்துல வீட்டுக்காரரு வெளியூரு போறாரு, எல்லாருக்கும் அவங்கவங்க வேலய குடுத்துட்டு வாசல் காக்கிறவன முழிச்சிருக்க சொல்லிட்டுப் போறாரு. அசல் ஜாகா வேலை.

முழிச்சிருந்தா மட்டும் பத்தாது, கூடவே வர்ற இன்னொரு சொல்லு பொறுமை. கிரேக்கத்துல 'ஹுப்போமொனே', ஹுப்போன்னா கீழ, மெனோன்னா தங்கியிருக்கிறது, அதாவது பாரத்துக்குக் கீழ நகராம நிக்கிறது. தமிழ்ல பொறுன்னாலும் அதேதான், பொறுத்தல்னா சுமக்கிறது, பொறைன்னா சுமை, பொறுப்புங்கிற சொல்லும் இங்கருந்து வந்ததுதான். நாம பொறுமைன்னா வாய மூடிட்டு கம்முன்னு இருக்கிறதுன்னு ஆக்கிட்டோம். யாக்கோபு 5:7ல உதாரணத்துக்கு வர்றவன் விவசாயி, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான், மழை அவன் கையில இல்ல, ஆனா நிலம் அவன் கையில இருக்கு. 1844 அக்டோபர் 22ல ஆண்டவர் வர்றாருன்னு அமெரிக்காவுல வில்லியம் மில்லர்ங்கிற பிரசங்கி பின்னாடி போனவங்கள்ல சில பேரு வயல்ல விளைஞ்சதக்கூட அறுக்காம விட்டுட்டு காத்திருந்தாங்க, அவங்க முழிச்சிருந்தாங்கதான், பொறுக்கலையே. 2011 மே 21ன்னு அமெரிக்க ரேடியோ பிரசங்கி ஹரால்ட் கேம்பிங் சொன்னப்பவும் அதே கதை. நாள் யாருக்கும் தெரியாதுன்னு மத்தேயு 24:36ல தெளிவா இருக்கு, அப்பறமும் கால்குலேட்டர் எடுத்துட்டு உக்காந்துர்றாங்க!

நோட்டீஸுக்கு கடைசியில 'கண்விழிப்பு ஆராதனை'ன்னு போட்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல தம்பிங்க ரெண்டு பேரு பின் பெஞ்சுல தூங்கிட்டானுங்க, ஒரு ஆன்ட்டிக்கு கோவம் வந்துருச்சு. மத்தேயு 25ல பத்து கன்னிகைங்களும் தூங்குனாங்கதான் ஆன்ட்டி, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்துதான்னு சொன்னேன், ஆனா அந்த அஞ்சு பேரு கையில விளக்குக்கு எண்ணெய் இருந்துச்சு. அப்பாவும் கிடங்குல கண்ணசருவாரு, மறைக்கல. ஆனா அவரு பையில டார்ச்லைட்டுக்கு ரெண்டு பேட்டரி எப்பவும் புதுசா இருக்கும், அத அம்மாகூட எடுக்க முடியாது.