பியர்சிங்: குத்து என்ற சொல் இருக்கும்போது துளையிடல் எதற்கு?

போன மாதம் அக்காவுடன் வேலூரில் ஒரு பியர்சிங் கடைக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு 48 வயது. மகள் கல்யாணம் முடிந்த கையோடு, ரொம்ப நாள் ஆசையைத் தீர்த்துக்கொள்ளக் கிளம்பியிருந்தாள். மேல்காதில் ஒரு சின்னக் கல் வேண்டும். சிறுவயதில் குத்தித் தூர்ந்துபோன மூக்கை மறுபடி குத்திக்கொள்ள வேண்டும். கடையில் கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். 'உடல் துளையிடல் ஒப்புதல் படிவம்' என்று தலைப்பு. 'எனது உடலில் துளையிடுவதற்கு முழுமனதுடன் சம்மதிக்கிறேன்' என்று முதல் வரி. அக்கா அதைப் படித்துவிட்டு, "ஏன்டா, இது ஆபரேஷன் ஃபாரம் மாதிரி இருக்கே, வேற யாருக்கோ உள்ளத மாத்திக் குடுத்துட்டாங்களா?" என்றாள்.

இந்த 'உடல் துளையிடல்' எனக்குப் புதிதில்லை. அழகுக்குறிப்புகளில், விளம்பரங்களில், செல்போன் தானாக மொழிபெயர்த்துக் காட்டும் பக்கங்களில் எல்லாம் இதுதான். 'நடுத்தர வயதினருக்கான நவநாகரிக உடல் துளைகள்' என்ற தலைப்பைக்கூடப் படித்திருக்கிறேன். இதுவரை முகம் சுளித்துவிட்டுக் கடந்து போனேன். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஆங்கிலச் சொல்லின் கதை சின்னதுதான். பியர்ஸ் என்ற வினை பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலம் லத்தீன். தட்டி, இடித்து ஊடே செலுத்துவது என்பது அங்கே பொருள். ஆங்கிலத்தில் அம்பும் பியர்ஸ் செய்யும், குளிரும் செய்யும், அலறலும் செய்யும். உடம்பில் நகை போடக் குத்துவதற்கு பாடி பியர்சிங் என்ற பெயர் பரவியது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

தமிழில் இந்தச் செயலுக்கு வினை எப்போதும் இருந்திருக்கிறது: குத்து. காது குத்துகிறோம், மூக்கு குத்துகிறோம், பச்சை குத்துகிறோம். ஆடிக்கிருத்திகைக்கு முருகன் கோயில்களில் அலகு குத்திக்கொள்கிறார்கள். "எனக்கு எப்பவோ காது குத்தியாச்சு" என்று சொன்னால், என்னை ஏமாற்ற முடியாது என்று அர்த்தம் ஆகும் அளவுக்கு இந்தச் சொல் பேச்சில் ஊறியிருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மொட்டைத் தலையோடு அழுத எந்தப் பிள்ளைக்கும் 'துளையிட்டார்கள்' என்று யாரும் சொன்னதில்லை.

அப்படியிருக்க துளையிடல் எங்கிருந்து வந்தது? அகராதியைப் பிரித்ததும் பியர்ஸ் என்பதற்கு முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் தமிழில் எங்கெல்லாம் வாழ்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. பலகையில் துளையிடுவோம். மூங்கிலில் துளையிட்டால் புல்லாங்குழல். பூமியில் போட்டால் ஆழ்துளைக் கிணறு. 2021 டிசம்பரில் எங்கள் வேலூரிலேயே ஒரு நகைக்கடையின் பின்சுவரைத் துளையிட்டு உள்ளே புகுந்து கிலோ கணக்கில் தங்கத்தைக் கொள்ளையடித்தார்கள். அந்தச் செய்திக்கு அந்தச் சொல் சரி. மனித உடம்பையும் துளையையும் சேர்த்து நாம் படிப்பது பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளில்தான்: 'குண்டு உடலைத் துளைத்தது.' அக்கா பயந்ததில் தப்பே இல்லை.

வேலை நடக்கிற விதத்தைப் பார்த்தாலும் குத்துதான் பொருந்துகிறது. துளையிடும்போது பொருள் வெளியே வரும்: மரத்தூள், மண், செங்கல் பொடி. பியர்சிங் ஊசி உள்ளே குழாய் போல இருந்தாலும், முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால் பிறை வடிவில் கீறிச் சதையை விலக்கிக்கொண்டு போகிறது. சதைத்துண்டு என்று எதுவும் எடுக்கப்படுவதில்லை. குருத்தெலும்பில் வட்டமாக வெட்டி எடுக்கிற கருவி தனியாக இருக்கிறது. அதற்கு வேண்டுமானால் துளையிடல் என்று எழுதுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே 418ஆம் குறளை எடுத்துப் போட்டார்: 'கேட்பினுங் கேளாத் தகையவே கேள்வியால் தோட்கப் படாத செவி.' தோட்கப்படாத என்றால் துளைக்கப்படாத. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். காதையும் துளையையும் வள்ளுவரே சேர்த்துவிட்டார், அப்புறம் உனக்கு என்ன என்றார். எதிர்த்தரப்பில் நான் கேட்டதிலேயே கனமான வாதம் இதுதான். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் குறள் பேசுவது காது கேட்கும் வழியை. அங்கே ஏற்கெனவே ஒரு துளை இருக்கிறது. ஓசை அதில் போகிறது, ஆனாலும் அறிவு போகவில்லை, கேள்வி, அதாவது அறிந்தவர் சொல்லைக் கேட்பது, வந்துதான் உண்மையான துளையைப் போட வேண்டும் என்பது வள்ளுவர் வாதம். கம்மல் போடுகிற சதையில் குத்துவதை அவர் நினைத்திருந்தால் அந்தக் குறள் நிற்கவே நிற்காது. தோடு, குழை எல்லாம் அவர் அறியாதவையா? 'கனங்குழை மாதர்கொல்' என்று 1081ஆம் குறளில் பாடியவர்தானே.

தமிழாசிரியரின் இரண்டாவது வாதம்தான் என்னைக் கோபப்படுத்தியது. குத்து என்றால் கத்திக்குத்து, கும்மாங்குத்து, குத்துப்பாட்டு என்றுதான் இந்தக் காலத்தில் நினைப்பு போகும், எழுத்துக்குக் கண்ணியமாக இல்லை என்றார். நெல் குத்துவதில் என்ன கண்ணியக் குறைவு? முத்திரை குத்துவதில்? முன்னால் எது வருகிறதோ அதை வைத்துத்தான் குத்துக்குப் பொருள் அமைகிறது. பாட்டி வாயில் வந்த சொல் என்பதாலேயே எழுத்தில் வைக்கத் தயங்குகிறோம். அழைப்பிதழ்களில் 'காது குத்து' போய் 'காதணி விழா' வந்தது இந்தத் தயக்கத்தில்தான். காதணி விழா அழகான சொல், ஃப்ளெக்ஸ் பேனரில் போடுங்கள். ஆனால் அது விழாவின் பெயர், வேலையின் பெயர் இல்லை. அதனால்தான் பத்தரிடம் போய் யாரும் காதணி விழா செய்யச் சொல்வதில்லை. காது குத்தத்தான் சொல்கிறார்கள்.

வேலூர்க்காரர்களாகிய நமக்கு இதில் கூடுதல் உரிமை உண்டு. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்தில் ஒரு புதிய விதி வந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தலைப்பாகையும் மாறியது. அந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1806 ஜூலை 10 விடியும் முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்ப் புரட்சியாக வெடித்தது. கிருபானந்த வாரியார் பிறந்த காங்கேயநல்லூரும், ஆடிக்கிருத்திகைக்குக் காவடி ஏறும் வள்ளிமலையும் ரத்தினகிரியும் இருக்கிற பழைய வட ஆற்காட்டில், காது குத்துக்கு ஒரு சொல்லைத் தேடி அகராதிக்குப் போனார்கள் என்பது எனக்கு வலிக்கிறது.

சரி, காதும் மூக்கும் ஆயிற்று. மற்ற இடங்களுக்கு? அதே வழிதான்: இடத்தைச் சொல்லிக் குத்து என்று சேர்த்தால் போதும். மேல்காது குத்து, புருவக் குத்து, தொப்புள் குத்து. மூக்கின் நடுத்தண்டில் குத்துவதற்கு அந்தத் தாளில் 'நாசித் தடுப்புச்சுவர் துளையிடல்' என்று இருந்தது. அந்த இடத்தில் தொங்குகிற நகைக்குத் தமிழ்நாடு முழுவதும் புல்லாக்கு என்று பெயர். பரதநாட்டியம் ஆடுகிற சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். புல்லாக்கு குத்து என்றால் முடிந்தது. அந்தச் சொல் வடக்கிலிருந்து வந்தது என்று சிலர் தள்ளுவார்கள். வந்து, தங்கி, நம் பாட்டிமார் மூக்கில் ஏறிய சொல்லை இனி வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்றால், அணி குத்து என்று சொல்லலாம். பச்சையை ஏற்றக் குத்துவது பச்சை குத்து. அணியைப் போடக் குத்துவது அணி குத்து. 'உடல்' தேவையே இல்லை. மேலும் 'உடல் குத்தல்' என்றால் கைகால் குடைச்சல் என்று மருந்து வாங்கித் தந்துவிடுவார்கள். 'நகை குத்து' என்றும் யோசித்தேன். ஆனால் டைட்டானியத்தையும் ஸ்டீலையும் நம் ஆட்கள் நகை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். அணியில் அந்தச் சிக்கல் இல்லை, செருப்பே காலணிதானே.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தாளில் 'துளை குணமடையும் காலம்' என்று ஒரு வரி. குணமாவது புண், நாம் புண் ஆறியது என்போம். துளை குணமானால் தூர்ந்துபோனது என்றல்லவா ஆகிறது? கம்மல் போடும் சதையில் குத்தினால் 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு, 6 மாதம் முதல் ஒரு வருடம்கூட இழுக்கும். 45, 50 வயதில் குத்திக்கொள்ள வருகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் நாளாகலாம், சீழ் பிடிக்கவும் கூடும். சர்க்கரை உண்டா என்ற கேள்வியும் தாளில் இருந்தது, 'குருதி மெலிவூட்டிகள் உட்கொள்கிறீரா' என்பதும் இருந்தது. அக்கா அதைச் சத்து டானிக் என்று நினைத்து 'இல்லை' என்று எழுதினாள். உண்மையிலும் அவள் எதுவும் சாப்பிடவில்லை, தப்பித்தோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் யாருக்குத்தான் புரியாது? தூய தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் படிக்கிறவரின் உடம்பைப் பற்றிய கேள்வி அவருக்கே புரியாதபோது அங்கே தூய்மையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

'நடுத்தர வயது' என்பதையும் விடமாட்டேன். நடுத்தரம் என்பது தரத்தைக் குறிப்பது: நடுத்தர வர்க்கம், நடுத்தர அரிசி. வயதுக்கு என்ன தரம்? நடுவயது என்று எழுதினால் பொருள் கொஞ்சமும் குறையாது.

கல்லாவில் இருந்த பெண்ணிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, படிவத்தை முதலிலிருந்து எழுதிக் கொடுத்தேன். 'எனக்கு மேல்காதும் மூக்கும் குத்தச் சம்மதிக்கிறேன்' என்று தொடங்கியது. அக்கா மறுபடி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். உள்ளே அவளுக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பெண், "சார், டிராகஸ்க்கு என்ன எழுதறது?" என்று கேட்டார். காது ஓட்டைக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டைக் காட்டினார். முன்காது என்று எழுதுங்கள் என்றேன். எழுதிவிட்டு, பக்கத்தில் டிராகஸ் என்றும் போட்டுக்கொண்டார். அதை நான் அடிக்கச் சொல்லவில்லை.