உதவித்தொகை வாங்கிக்கொண்டே வேலைக்குப் போகலாமா?

தீபாவளி நெருங்கினால் கும்பகோணம், தஞ்சாவூர் ஜவுளிக்கடைகளில் ஆள் எடுப்பார்கள். அறுவடை வந்தால் நெல் கொள்முதல் நிலையங்களுக்குப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர் வேலைக்கு மனு வாங்குவார்கள். அப்போதெல்லாம் வருகிற கேள்விதான் இது: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உதவித்தொகை வாங்குகிறேன், இந்த வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து உதவித்தொகை வாங்கக் கூடாது.

திட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, விடாமல் புதுப்பித்து, 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்குத் தமிழக அரசு கொடுப்பது இது. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், 3 ஆண்டு வரை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 45. மாற்றுத்திறனாளிகள் பதிந்து ஓராண்டு ஆனாலே போதும், அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது, தொகையும் கூடுதல். தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்குக் கிடையாது; அஞ்சல் வழியில் படித்தால் தடையில்லை.

இப்போது வேலை விஷயம். அரசு வேலை, தனியார் வேலை, சுயதொழில், எதில் சம்பாதித்தாலும் தகுதி போய்விடும். "மூணு மாச வேலைதானே, நிரந்தரமா என்ன?" என்று கேட்பார்கள். மூன்று மாதமும் சம்பளம் வருகிறதே, அதுவும் வேலைதான். ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்கிறோம் இல்லையா, வேலையில் இல்லை என்று அதில் நாமே கையெழுத்துப் போடுகிறோம். கடையில் நின்றுகொண்டே அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி, வேறு பேச்சே இல்லை.

எனக்கு உண்மையிலேயே வயிறெரிவது இன்னொரு விஷயத்தில். உதவித்தொகை நின்றுவிடுமே என்ற பயத்தில், "என் பேரை ரெஜிஸ்டரில் எழுத வேண்டாம், சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்று பிள்ளைகளே முதலாளியிடம் கேட்கிறார்கள், அவருக்கும் செலவு மிச்சம் என்பதால் சரி என்றுவிடுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேருக்கு மேல் வேலை செய்யும் கடையில், பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 9,000 ரூபாய் என்றால் முதலாளி தன் பங்காக 12 சதவீதம், அதாவது மாதம் 1,080 ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 1,080 தனி, அதுவும் உங்கள் பணம்தான். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு இருந்தால் வீட்டில் அம்மா அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது அதன் அருமை தெரியும். பிளஸ் டூ படித்த ஒரு பெண் 400 ரூபாய்க்காக இத்தனையையும் விட்டுவிட்டு, நாளைக்குச் சம்பளப் பாக்கி என்று வந்தால் அங்கே வேலை பார்த்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நிற்கிறாள். பேர் ரெஜிஸ்டரில் இருக்கட்டும் தங்கச்சி, அந்த 400 போனால் போகட்டும்.

வேலையில் சேர்ந்ததும் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பதிவு எண், சேர்ந்த தேதி, கடை பெயர் எழுதி, உதவித்தொகையை நிறுத்தும்படி உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் கணக்கில் பணம் ஏறினால் செலவழிக்காமல் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

"கடிதம் கொடுத்தால் சீனியாரிட்டி போய்விடும்" என்று ஊரில் சிலர் கிளப்பிவிடுவார்கள். உதவித்தொகை வேறு, பதிவு மூப்பு வேறு. பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால்தான் ஆபத்து, அந்த மாதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிப்பதை இணையத்திலேயே செய்யலாம், கடையில் லீவு போட வேண்டியதில்லை.