பிளேட்லெட் குறைந்தால் எல்லாம் டெங்கு இல்லை

கொழும்பில், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் குறைவு என்றால் யாருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத, நிறை குறைந்த பிள்ளையின் ரிப்போர்ட்டைப் பார்த்த அம்மம்மா ஒருவர் என்னிடம், "பப்பாசி இலைச் சாறு ஒரு சொட்டு நாக்கில வைக்கட்டா டொக்டர்?" என்றார். வைக்கவே கூடாது. எந்தப் பச்சிளம் பிள்ளைக்கும் கூடாது.

இங்கே நுளம்புக்கு வேலையில்லை. நஞ்சுக்கொடி சரியாக இயங்காவிட்டால் பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளேயே ஒட்சிசன் தட்டுப்பாடு வரும். கிடைக்கிற கொஞ்சத்தையாவது பிடித்துக்கொள்ள, எலும்பு மச்சை சிவப்பணுக்களை அள்ளி அள்ளிச் செய்யும். பிளேட்லெட் உற்பத்தி பின்தங்கிவிடும். குதியில் குத்திச் சொட்டு எடுக்கும்போதே சில பிள்ளைகளில் தெரியும்: கருஞ்சிவப்பாய், தடிப்பாய், பிடிவாதமாய் மெல்ல வரும் இரத்தம்.

சிக்கல் என்னவென்றால், இரத்தம் தடித்து ஓட்டம் மந்தமானால் கட்டிபடும். அதே நேரம் பிளேட்லெட்டும் ஈரல் செய்யும் உறைகாரணிகளும் குறைந்தால் கசியும். ஒரே பிள்ளையில் இரண்டும் நடக்கலாம். அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து உடனே பிளேட்லெட் ஏற்ற நாங்கள் ஓடுவதில்லை. அநேகமாக நாலைந்தாம் நாளில் அடிமட்டத்துக்குப் போய், இரண்டு கிழமைக்குள் தானாகவே ஏறிவிடும். மிகவும் குறைந்தாலோ, கசிவு தெரிந்தாலோ கதை வேறு. இரத்தம் உறைய உதவ, பிறந்ததும் போடும் விற்றமின் கே ஊசியை மட்டும் 'இவ்வளவு சின்ன உடம்புக்கா' என்று மறுக்காதீர்கள். தாயிடமிருந்து அது பிள்ளைக்குப் போவது மிகக் கொஞ்சம்.

தொப்புள்கொடி நசிந்தாலோ அளவுக்கு மீறி முறுகினாலோ, நஞ்சுக்கொடியில் ஓடும் பிள்ளையின் இரத்தமே அங்கே உறைந்துபோகலாம். "இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசியை அம்மாவுக்குப் போட்டால் பிள்ளைக்கும் போகும்தானே?" என்று தகப்பன்மார் கேட்பார்கள். போகாது. அந்த மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. தாயின் பக்கத்துக்குத்தான் அந்த ஊசி. அஸ்பிரினும் எல்லாருக்கும் உரிய குளிசை இல்லை. உயர் இரத்த அழுத்த ஆபத்துள்ள தாய்மாருக்குக் குறைந்த அளவில், 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால் நல்லது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று பார்மசியில் வாங்கிப் போடாதீர்கள்.

கிளினிக்கில் அளவுநாடா வைத்து வயிற்றை அளந்து கர்ப்பிணிப் பதிவேட்டில் குறிப்பது சும்மா சடங்கு இல்லை. பிள்ளை வளராமல் நிற்பது பல வேளை முதலில் அந்தக் கோட்டில்தான் தெரியும். வயிற்றுக்குள் பிள்ளையின் அசைவு குறைந்தால், 'இனிப்பாய் ஏதாவது குடித்துவிட்டு விடியும்வரை பார்ப்போம்' வேண்டாம். அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

அப்புறம், பிள்ளை நிறை குறைந்து பிறந்தால் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். இரத்தக்கட்டி தாயின் பக்கத்திலா பிள்ளையின் பக்கத்திலா என்று அதில் பார்க்கலாம். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்து, அடுத்த முறை முதல் கிளினிக்குக்கே கொண்டுபோங்கள்.