மேடையில் காட்டுவதற்கு முன் லயத்தில் காட்டுங்கள்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டனில் சின்னதாக ஒரு வடிவமைப்பு நிலையம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, தேயிலைப் பெட்டி லேபல், திருவிழா நோட்டீஸ், சுகாதாரக் கையேடு என்று பதினொரு வருடமாக வேலை ஓடுகிறது. இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளையும் கொழும்பில் நடக்கும் வடிவமைப்புப் பேச்சுகளுக்கும் விழாக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். போவதற்கு முன் சிலர் என்னிடம் வந்து ஸ்லைடுகளைக் காட்டுகிறார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் முதல் தடவை மேடையேறியபோது நான் விட்ட அதே பிழைகளை அவர்களிடமும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பிழை ஓர் அட்டையில் தொடங்கியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் குழு ஒன்று, அன்றன்றைய கிலோவைத் தாங்களே எழுதி வைக்க ஓர் அட்டை வேண்டும் என்று கேட்டது. மலையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிறுவை நடக்கும். தோட்டத்துக் கணக்கில் ஏறிய கிலோ எவ்வளவு, நாம் போட்ட கிலோ எவ்வளவு என்ற சந்தேகம் சம்பள நாளில்தான் வரும். அப்போது கையில் எழுத்து எதுவும் இருக்காது. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அவர் அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டுக் கணக்கு வைத்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வேலையை ஆசையோடு எடுத்தேன்.

முதலில் செய்தது பார்க்க மிக அழகு. பளபளப்பான ஆர்ட் தாள், நாலு கலர், பின்னால் மங்கலாக ஒரு தேயிலைத் துளிர், மெல்லிய எழுத்து. இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பெரும்பாலான அட்டைகள் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. ஒரு அக்கா சொன்னார், "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா மலைக்குக் கொண்டு போனா ஊறிப் போகுதே."

அதன் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. மழை நாளில் ஜெல் பேனா எழுத்து கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். ஆனால் ஆர்ட் தாளில் பென்சில் ஏறாது. தாளை மாற்றினேன். அட்டையை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். இடுப்பில் படங்குத் துணி கட்டியிருக்கும், முதுகில் கூடை, கையில் நேரமில்லை. நெஞ்சோடு செருகும் சின்னப் பர்ஸுக்குள் போக வேண்டும் என்றார்கள். சரி, அகலத்தைக் குறைத்து நீளமாக்கினேன். குளிரில் விறைத்த விரலால் எழுதக் கட்டம் போதவில்லை என்று உயரத்தைக் கூட்டினேன். லயத்துக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையின், மங்கிய வெளிச்சத்தில் என் மெல்லிய பச்சைக் கோடுகள் தெரியவே இல்லை, கறுப்பாக்கினேன். காலை, பகல், அந்தி என்று மூன்று நிரல் வைத்திருந்தேன். நாலாவதாக ஒன்று வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஈரத்துக்கும் கூடைக்கும் என்று நிறுவையில் குறைக்கும் கிலோவை எழுத ஓர் இடம். அதற்கு நான் 'கழிவு' என்று தலைப்புப் போட்டேன். ஒன்பதாவது அட்டைதான் மலைக்குப் போனது.

அந்த வருடம் கொழும்பில் ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு ஸ்லைடு, முழுவதும் ஆங்கிலத்தில். ஒன்பதாவது அட்டையை நல்ல மரப் பலகையில் வைத்து, வெளிச்சம் போட்டுப் படமெடுத்துக் காட்டினேன். கைதட்டினார்கள். என்ன தாள், எங்கே அச்சிட்டீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவ்வளவுதான். ஊறிப் போனது, கரைந்தது, கோடு தெரியாதது என்று நான் கைவிட்ட எட்டு அட்டைகளும் ஹட்டனில் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. அந்த மண்டபத்தில் இருந்த இளம் வடிவமைப்பாளர்களுக்கு உதவியிருக்கக்கூடியவை அவைதான். முடிந்த வேலையின் படத்தை எவரும் போனில் பார்த்துக்கொள்வார்கள். ஏன் அப்படி முடிந்தது என்பதைச் செய்தவர் வாயால் கேட்கத்தான் ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை ஏழாவது ஸ்லைடில் இருந்தது. மலையில் குனிந்து நிற்கும் ஒரு அக்காவின் படம். வேலைக்காக எடுக்கிறேன் என்று சொல்லித்தான் எடுத்தேன். மேடையில் காட்டப் போகிறேன் என்று சொல்லவில்லை. விழாக்காரர்கள் அந்த ஸ்லைடோடு என் படத்தை முகநூலில் போட, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அவருடைய மகன் பார்த்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அடுத்த முறை போனபோது அக்கா சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே படத்தை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

கூடை சுமந்த மலையகப் பெண்ணின் படம் தேயிலை விளம்பரங்களில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அவள் பெயர் எங்கேயும் இல்லை. அந்த வரிசையில் நம் ஸ்லைடும் போய்ச் சேரக் கூடாது. இப்போது நான் இப்படிச் செய்கிறேன்: காட்டப் போகும் ஸ்லைடையே போனில் திறந்து, இதை இத்தனை பேர் முன்னால் காட்டுவேன், யாராவது போனிலும் போடலாம், சம்மதமா என்று கேட்கிறேன். முகம் வேண்டாம், கை மட்டும் போதும் என்றவர்கள் உண்டு. பெயரைப் போடுங்கள் என்று கேட்டவர்களும் உண்டு. கணவரிடமோ தோட்டத்துத் தலைவரிடமோ கேட்டால் போதாது, படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

நமக்கு இதெல்லாம் புதிது, பெரிய நகரத்து ஆட்கள் செய்கிற விஷயம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வாவை அவர்களுக்குச் சொல்வேன். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் நடந்த நவீன கட்டடக் கலைஞர்களின் சர்வதேச மாநாட்டில் கலந்துகொண்டவர். ஊர் திரும்பிக் கண்டியிலேயே தொழில் நடத்தினார். தும்பறைப் பாய் நெசவையும் சுடுமண் வேலையையும் தன் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். 1950களின் கடைசியில் கண்டி வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வரைவதற்கு முன், அங்கே குடியிருக்கப் போகிறவர்களிடமே போய் எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டார். வெளிநாட்டு மாநாட்டில் உட்கார்ந்ததும் குடியிருப்பாளரிடம் கேள்வி கேட்டதும் ஒரே ஆளின் வேலைதான். இந்த மலையில் இருந்துகொண்டே அவர் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

பேச்சைச் சுருக்குவதற்கு ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது. டோக்கியோவில் 2003இல் ஆஸ்ட்ரிட் கிளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் தொடங்கிய பெச்சா குச்சா முறை. 20 படம், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, மொத்தம் 6 நிமிடம் 40 விநாடி. படம் தானாக நகர்ந்துவிடும். மைக் கிடைத்தால் கட்டடக் கலைஞர்கள் நிறுத்துவதில்லை என்பதால் வந்த கட்டுப்பாடு இது. உங்களுக்குக் கொடுத்த நேரம் அரை மணியாக இருந்தாலும் வீட்டில் ஒரு தடவை இப்படிப் பேசிப் பாருங்கள். எந்தப் படத்துக்கு உங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்பது 20 விநாடியில் தெரிந்துவிடும். எனக்கு அந்த மரப் பலகைப் படம் அப்படித்தான் விழுந்தது.

தமிழ் எழுத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துரு ஓடுகிறது. மேடைக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் உங்கள் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடிலும் சிக்கல் உண்டு. இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான கம்போசரை, அதாவது எழுத்தைக் கோக்கும் அமைப்பை, தெரிவு செய்யாவிட்டால் 'கொழுந்து' என்ற சொல்லின் கொம்பு இடம் மாறி நிற்கும். பெரிய திரையில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். அரை மணி முன்னதாகப் போய் அந்தத் திரையிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தமிழில் பேச முடியுமா என்று ஏற்பாட்டாளர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.

காட்டினால் களவு போய்விடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உங்கள் ஓவியத்துக்கும் வரைகலைக்கும் பதிப்புரிமை படைத்தவுடனேயே உண்டு, பதிவு தேவையில்லை. ஆனால் பாத்திரம், கூடை, நாற்காலி போன்ற ஒரு பொருளின் தோற்றத்தைக் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிய நினைத்தால் கதை வேறு. அது புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே விழாவில் காட்டினால் அந்தப் புதுமை கேள்விக்குள்ளாகலாம். அப்படிப்பட்ட வேலை என்றால் முதலில் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டு மேடையேறுங்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்த வேலை என்றால் அவரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

கொழும்பிலிருந்து வந்த பிறகு என் மனம் ஆறவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அதே பேச்சைத் தமிழில் வைத்தேன். புரொஜெக்டருக்குத் திரை இல்லை, வெள்ளை வேட்டி கட்டினோம். ஒன்பது அட்டைகளையும் நூலில் வரிசையாகத் தொங்கவிட்டேன். நாற்பது பேர் அளவில் வந்தார்கள், பிள்ளைகள் தனி. முதல் அட்டையைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது அட்டையில் தேதிக் கட்டம் நல்லாயிருந்ததே, ஏன் எடுத்தீங்க என்று ஒரு தங்கச்சி கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது, அவள் சொன்னது சரி.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து முன்னால் வந்தார். வேலையிலிருந்து நின்று பல வருடமானவர். ஒன்பதாவது அட்டையைக் கையில் எடுத்து, நாலாவது நிரலின் தலைப்பைப் பேத்தியிடம் வாசிக்கச் சொன்னார். அவள் "கழிவு" என்றாள். "கழிவுன்னா என்னா? குப்பையா?" என்று என்னைக் கேட்டார். "நாங்க போட்ட நல்ல கொழுந்துல இருந்து எடுக்கிற கிலோ தம்பி அது. ரெண்டு கிலோ வெட்டிட்டாங்கன்னுதான் சொல்லுவோம். வெட்டுன்னு போடுங்க."

பத்தாவது அட்டை போன மாதம் அச்சாகி வந்தது. நாலாவது நிரலின் தலைப்பு 'வெட்டு'. தேதிக் கட்டமும் திரும்பி வந்திருக்கிறது.