ஜனவரியில் 20 மணி நேரமா, 40 மணி நேரமா? எஃப்-1 மாணவர்களுக்கான குளிர்காலப் பருவ விதிகள்

அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவர் தன் கல்லூரி வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை. வகுப்பு இல்லாத விடுமுறையில் முழு நேரம். இதற்கென்று தனி அனுமதி அட்டை எடுக்க வேண்டியதில்லை. குழப்பம் வருவது ஜனவரியில்தான். அந்த மாதம் ஒரு கல்லூரியில் விடுமுறை, இன்னொரு கல்லூரியில் பாடம் நடக்கும் பருவம். வெளியே பனி கொட்டுவதாலோ விடுதி காலியாகக் கிடப்பதாலோ அது விடுமுறை ஆகிவிடாது. உங்கள் கல்லூரியின் கல்வி நாட்காட்டி என்ன சொல்கிறது என்பதே கணக்கு.

மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆண்டு 4-1-4 என்று பிரிந்திருக்கிறது: இலையுதிர் காலத்தில் நான்கு பாடம், ஜனவரியில் ஒன்று, வசந்த காலத்தில் நான்கு. ஜனவரிப் பாடத்துக்கு வழக்கமான ஏ, பி தரங்கள் கிடையாது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அதை எடுத்துத் தேறியே ஆக வேண்டும். இப்படிக் கட்டாயமாக இருக்கும் இடத்தில் ஜனவரியும் வகுப்புக் காலம்தான். 20 மணி நேர வரம்பைத் தாண்டக் கூடாது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் டிசம்பர் கடைசிக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையே நடக்கும் ‘வின்டர் செஷன்’ விருப்பப் பருவம். அங்கே பொதுவாக அது விடுமுறையாகவே எண்ணப்படும். முழு நேரம் வேலை செய்யலாம். நீங்கள் அதில் ஒரு பாடம் எடுத்திருந்தாலும் முழு நேரம் செல்லுமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. ஆகவே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உங்கள் விசாப் பதிவைக் கவனிக்கும் டிஎஸ்ஓவிடம் நவம்பரிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள்: “இந்த ஜனவரிப் பருவம் எனக்கு வகுப்புக் காலமா, விடுமுறையா? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை முழு நேரம் வேலை செய்யலாம்?” பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மேலாளரும் அறைத்தோழரும் சொல்வது போதாது. மேலாளர் ஷிப்டு நிரப்பத்தான் பார்ப்பார், விசா உங்களுடையது.

வாரக் கணக்கில் தவறுபவர்கள் அதிகம். போன வாரம் 14 மணி நேரம்தான் செய்தேன், இந்த வாரம் 26 செய்து ஈடுகட்டுகிறேன் என்பது செல்லாது. ஒவ்வொரு வாரமும் தனி. நூலகத்தில் 12, ஆய்வகத்தில் 10 என்றால் மொத்தம் 22, வரம்பு மீறல். வசந்தப் பருவம் தொடங்கும் வாரம் இன்னும் ஆபத்தானது. வகுப்பு புதன்கிழமை தொடங்குகிறது, வாரம் ஞாயிறு முதல் சனி வரை என்று வைத்துக்கொள்வோம். திங்களும் செவ்வாயும் எட்டெட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டால் 16 போய்விட்டது. புதன் முதல் சனி வரை 4 மணி நேரமே பாக்கி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

படிப்புப் பக்கமும் ஒரு பொறி உண்டு. இளநிலை மாணவர் வழக்கமான செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட் (பாடங்களின் அளவைக் குறிக்கும் அலகு) எடுக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஒரு பாடத்தைக் கைவிட்டு 9-க்கு இறங்கிவிட்டு, ‘ஜனவரியில் 3 சேர்த்துக்கொள்ளலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். பாடத்தைக் கைவிடும் முன்பே டிஎஸ்ஓவின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பின்னால் எடுக்கும் விருப்பப் பாடம் பழைய குறையை அடைக்காது. கட்டாயப் பருவத்தில் ஆன்லைன் பாடம் எடுக்கும் முன்பும் அவரிடம் கேளுங்கள். விருப்பப் பருவம் என்றால் சென்னையிலோ மதுரையிலோ வீட்டில் உட்கார்ந்தே ஆன்லைனில் படிக்கலாம். ஊருக்குப் போகும் முன், மாணவர் தகுதிக்குச் சான்றாகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் உள்ள பயணக் கையொப்பம் ஓராண்டுக்குள் போட்டதா என்று பாருங்கள்.

வளாகத்துக்குள் இருக்கும் எல்லா வேலையும் வளாக வேலை ஆகாது. புத்தகக் கடை, கேண்டீன் போல மாணவர்களுக்குச் சேவை தரும் தனியார் நிறுவனம் சரி. அதே வளாகத்தில் புதுக் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வது கூடாது. வெளியே பெட்ரோல் பங்க்கிலும் இந்திய மளிகைக் கடையிலும் ரொக்கத்துக்கு வேலை கிடைக்கும். கஷ்டம் புரிகிறது, ஆனாலும் வேண்டாம். வேறு சில தவறுகளால் விசா நிலை போனால் அதை மீட்க விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதியில்லா வேலை செய்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

ஜனவரியில் வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி (படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை) அனுமதி வேண்டும். ஒரு முழுக் கல்வியாண்டு படித்து முடித்திருக்க வேண்டும் (உடனே பயிற்சி கட்டாயம் என்று வைத்திருக்கும் சில முதுநிலைப் படிப்புகளுக்கு விலக்கு உண்டு). அந்தப் பயிற்சி பாடத்திட்டத்தின் அங்கமாகவும் இருக்க வேண்டும். அனுமதி அச்சிட்ட புது ஐ-20 கைக்கு வந்து, அதிலுள்ள தொடக்கத் தேதி பிறந்த பிறகே வேலையில் கால்வைக்கலாம். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேற்பட்டது முழு நேர சிபிடி. அது 12 மாதத்தைத் தொட்டால் அதே பட்டநிலையில் ஓபிடி (படித்த துறையில் பயிற்சியாக வேலை செய்யும் அனுமதி) வாய்ப்பு போய்விடும். நான்கு வார ஜனவரிப் பயிற்சியால் மட்டும் அந்த நிலை வராது.

டிசம்பரில் படிப்பு முடிந்தவர் ஐ-20 முடிவுத் தேதியோடு வளாக வேலையை நிறுத்த வேண்டும். அதன்பின் கிடைக்கும் 60 நாள் சலுகைக் காலம் கிளம்பவோ அடுத்த ஏற்பாட்டைப் பார்க்கவோதான்; அந்த நாட்களில் பழைய வேலையைத் தொடர முடியாது.

முதல்முறை வேலைக்குச் சேர்பவர் கல்லூரியின் வேலைக் கடிதம், டிஎஸ்ஓ கடிதம், பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) ஆகியவற்றோடு, சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் எஸ்எஸ்-5 படிவத்தைச் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், கட்டணம் இல்லை. வேலை செய்யும் தகுதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தில் உங்கள் பகுதியை முதல் நாளே நிரப்புங்கள். மூன்று வேலைநாளுக்குள் முதலாளி அசல் ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். முதல் சம்பளச் சீட்டு வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியத்துக்கான வரி) 6.2%, மெடிகேர் (முதியோர் மருத்துவத்துக்கான வரி) 1.45% பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாணவராக வந்த முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகக் கருதப்படும் எஃப்-1 மாணவரிடம் இவற்றைப் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் சம்பளப் பிரிவிடம் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். அவர்கள் தராவிட்டால், பிடித்த வரியைத் திரும்பக் கேட்கும் 843 படிவத்தோடு 8316 படிவத்தையும் இணைத்து வரித்துறைக்கு அனுப்பலாம்.