நாணயத்துக்கு வரியா, வெள்ளிக்கு வரியா?

திருச்சியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் என்னைக் கூப்பிட்டபோது அவருடைய பொதி பதினொரு நாளாகச் சென்னை சுங்கத்தில் நின்றுகொண்டிருந்தது. லண்டன் ஏலத்தில் அவர் எடுத்த ஒரே ஒரு காசு. மதராஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்திய கம்பெனி 1807 வாக்கில் அடித்த வெள்ளி அரை வராகன். ஒரு பக்கம் கோபுரம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். மறுபக்கம் பெருமாள். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என்று நான்கு எழுத்தும் அந்த ஒரு காசில் இருக்கும். "ஆறு வருஷமா தேடிக்கிட்டிருந்தேன் சார்" என்றார்.

பொதியோடு வந்த இன்வாய்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அதில் இருந்த விவரம் இவ்வளவுதான்: 'சில்வர் ஐட்டம், ஒரு பீஸ்'.

நான் சென்னையில் கஸ்டம்ஸ் புரோக்கர்; இறக்குமதியாகும் பொருளுக்குச் சுங்கத்தில் காகிதம் தாக்கல் செய்து வெளியே எடுத்துக் கொடுப்பவன். அன்றாட வேலை இயந்திர பாகங்களும் துணியும்தான். நாணயப் பொதிகள் மாதத்துக்கு ஒன்றிரண்டு வரும். ஆனால் மனம் நொந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு பேர்தான். தொழிற்சாலைக்காரருக்கு வரி ஒரு செலவுக் கணக்கு. சேகரிப்பாளருக்கு அப்படியில்லை, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள், யாரோ திறந்து பார்த்து எங்கோ வைத்திருக்கிறார்கள் என்ற பதற்றம்.

சுங்க அதிகாரி மேசையில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளி என்று எழுதியிருக்கிறது, விலை அரை லட்சத்துக்கு மேல், எடை இருபது கிராம் சொச்சம். இருபது கிராம் வெள்ளிக்கு இந்த விலையா என்று அவர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும். அந்தக் காகிதத்தை எழுதியவர் லண்டனில் பொதி கட்டும் ஒரு ஊழியர். வரியைக் கட்டுகிறவர் திருச்சியில். சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

ஒரு காசு நம் எல்லைக்குள் வரும்போது அது சுங்க வரிப் பட்டியலில் எந்தத் தலைப்பில், அதாவது எந்தப் பொருள் வகை எண்ணில், ஏறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. 7118 என்றால் நாணயம். 9705 என்றால் சேகரிப்பாளர் பொருள். அதிலும் நூறு ஆண்டைத் தாண்டிய நாணயவியல் பொருளுக்கு 9705.31, மற்றதற்கு 9705.39 என்று 2022 முதல் தனித்தனியாகப் பிரித்திருக்கிறார்கள். வெறுமனே வெள்ளிப் பொருள் என்று எழுதினால் அது 71-ஆம் அத்தியாயத்தில் வேறு எங்காவது போய் உட்காரும். இவை எதுவும் இல்லாமல், சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ கூரியரிலோ வந்த பொருள் என்று 9804-இல் போட்டுவிட்டால் காசின் வயது, வகை எதையும் யாரும் பார்ப்பதில்லை. காசு ஒன்றுதான். தலைப்பு மாறினால் கட்ட வேண்டிய தொகை மாறிவிடும்.

விகிதமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. விலைமதிப்புள்ள உலோக நாணயங்களுக்கான வரியை 2024 ஜனவரியில் 15 சதவீதமாக ஏற்றினார்கள். அதே ஆண்டு ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி வரியை 6 சதவீதத்துக்கு இறக்கினார்கள். ஆறே மாதம்! பலர் நினைப்பதுபோல ஏலம் எடுத்த நாளின் விகிதம் செல்லாது. பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவம், தாக்கலாகும்போது என்ன விகிதமோ பொதுவாக அதுதான். அதனால் பட்ஜெட் நேரத்தில் பொதி வழியில் இருந்தால் கையில் கொஞ்சம் பணம் கூடுதலாக வைத்திருங்கள்.

கணக்கு எப்படி ஏறுகிறது என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம். ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலை மட்டும் கணக்கில் வராது. ஏல நிறுவனம் வாங்குபவரிடம் பிடிக்கும் பிரீமியம் என்ற கட்டணமும் சேர்த்து நீங்கள் கட்டியது 50,000 ரூபாய், அனுப்பும் செலவும் இன்சூரன்சும் 4,000 என்று வைத்துக்கொள்வோம். 54,000-க்குத்தான் வரி. அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று கணக்குக்காக எடுத்தால் 5,400. அந்த வரியின் மேல் பத்து சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 540. இப்போது மொத்தம் 59,940. இதன் மேல்தான் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்குக் கட்டும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றால் 2,997. ஆக, வரி மட்டும் 8,937 ரூபாய். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் தனி. ரூபாய் மதிப்பும் உங்கள் கார்டில் பிடித்த விகிதத்தில் போகாது; சுங்கத் துறை அறிவிக்கும் மாற்று விகிதத்தில்தான் போடுவார்கள். ஏலத்தில் கை தூக்கும் முன் இந்தக் கூடுதலைச் சேர்த்துப் பார்க்காதவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள்.

அப்புறம் இந்த 'கிஃப்ட்' விஷயம். விற்கிறவர் நல்ல மனதோடு கேட்பார்: "இருபது டாலர் என்று போட்டு, கிஃப்ட் என்று எழுதட்டுமா?" தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். இணையக் கடைகளில் வாங்கிக் கிஃப்டாக இறக்கும் வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. விலையைக் குறைத்துக் காட்டினால் 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவில் பொருளையே பறிமுதல் செய்யலாம், 112-இல் அபராதம் போடலாம். பணம் கட்டி மீட்க 125-ஆம் பிரிவு வழிவிடும் என்றாலும் அந்தச் செலவு வரியைவிடப் பெரிதாகிவிடும். இன்னொன்று, பொதி தொலைந்தால் இன்சூரன்ஸ் தருவது அந்த இருபது டாலரைத்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் டுக்காட் என்ற ஒரு டச்சுப் பழங்காசை இழந்தார்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் 2025-இல் பட்ட பாடு வேறு வகை. அங்கே 800 டாலர் வரைக்கும் வரியில்லாமல் பொதி இறங்கும் வசதி இருந்தது. அதை ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தினார்கள். நான்கு நாள் முன்னதாகவே, 25-ஆம் தேதி, நம் அஞ்சல் துறை கடிதங்கள், ஆவணங்கள், 100 டாலர் வரையிலான அன்பளிப்புகள் தவிர மற்றவற்றை அமெரிக்காவுக்கு ஏற்பதை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்கியது அக்டோபர் நடுவில்தான்.

அந்த நேரத்தில் நியூஜெர்சியிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "நான் ஜெர்மனியிலிருந்துதானே வாங்குறேன், எனக்கு இந்தியா வரி எதுக்கு?" அவர் வாங்கியது மதராஸ் நாணயசாலையில் அடித்த காசு. நாடுவாரி வரியில் பொதி எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்பதில்லை. பொருள் எங்கே உருவானது என்று பார்ப்பார்கள். அன்றைக்கு ஐரோப்பியப் பொருளுக்கு 15 சதவீதம், இந்தியப் பொருளுக்கு 50. புல்லியனுக்கு, அதாவது உலோக மதிப்புக்காகவே வாங்கும் தங்கம், வெள்ளிக்கு, விலக்கு இருந்தது. ஆனால் சேகரிப்பு நாணயம் எதில் சேரும் என்பதில் கூரியர்காரர்கள் ஆளுக்கொரு விதமாக நடந்ததைப் பார்த்தேன். அந்த விகிதங்கள் பின்னால் மாறின. மூலநாடு என்ற அந்த ஒரு கட்டம் மட்டும் எப்போதும் படிவத்தில் இருக்கும். ரோமானியர் அந்தியோக்கியாவில் அடித்த காசுக்கு அதில் என்ன எழுதுவது? ஊர் இன்று துருக்கியில் இருக்கிறது. இத்தாலி, கிரீஸ், சைப்ரஸ் போன்ற நாடுகளின் பழங்காசுகளுக்கு அமெரிக்காவில் பண்பாட்டுச் சொத்து என்ற வகையில் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருப்பதால், விற்பவர் தோன்றியதை எழுதிவிட விடாதீர்கள்.

சரி, திருச்சிக்காரர் பொதிக்கு வருவோம். ஏல நிறுவனத்துக்கு மெயில் போட்டுத் திருத்திய இன்வாய்ஸ் வாங்கினோம். 'சேகரிப்பு நாணயம், நூறு ஆண்டுக்கு மேற்பட்டது, மதராஸ் மாகாணம், அரை வராகன், வெள்ளி, எடை இத்தனை கிராம், ஏல எண், படம் இணைப்பு' என்று முழுதாக எழுதச் சொன்னேன். ஏலப் பட்டியலின் அந்தப் பக்கத்தையும் அவருடைய வங்கி ரசீதையும் பான், ஆதார் நகலோடு வைத்தோம். ஐந்தாம் நாள் பொதி வெளியே வந்தது. அதற்குள் கிடங்கு வாடகை ஏறியிருந்தது. முதல் நாளே இந்த விவரங்கள் இன்வாய்ஸில் இருந்திருந்தால் அது மிச்சம். இப்போது அவர் ஏலம் கேட்கும் முன்பே இந்த விவரத்தை விற்பவருக்கு அனுப்பி, இப்படித்தான் எழுதுவீர்களா என்று பதில் வாங்கிக்கொள்கிறார்.

இவ்வளவையும்விட எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியவே தெரியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த எந்த நாணயமும் தொல்பொருள்தான். அது எந்த நாட்டுக் காசு என்று சட்டம் கேட்பதில்லை. தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அப்படியானால் லண்டனிலிருந்து வந்த காசு போலி என்று சந்தேகம் வந்தாலும், 'முப்பது நாளில் திருப்பி அனுப்பலாம்' என்ற விற்பவரின் உறுதி நமக்குப் பயன்படாமல் போகலாம். கோவையில் ஒருவர் இந்த நிலையில் என்னிடம் வந்தார். அவசரத்தில் கூரியரில் போட்டுவிடுகிறேன் என்றவரைத் தடுத்து நிறுத்தினேன். நூறு ஆண்டு ஆகாத காசு என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் இல்லை என்ற சான்று வாங்கி அனுப்பலாம், அவருடையது அப்படிப்பட்டதில்லை. எடை, விளிம்பு, இரண்டு பக்கப் படம் எல்லாவற்றையும் விற்பவருக்கு அனுப்பி, சட்ட நிலையையும் விளக்கி எழுதினோம். இரண்டு மாதம் கழித்து, பொருளைத் திருப்பிக் கேட்காமலே பாதிப் பணம் தர ஒத்துக்கொண்டார். மீதிப் பாதியும் கட்டிய வரியும் போனதுதான்.