பன்றிப் பையிலிருந்து காட்டுப்பள்ளி வரை

விஞ்ஞானிகள் மக்களுக்காக ஆராய்கிறார்களா, தங்கள் ஆசைக்காகவா என்று திருவொற்றியூர் வாசகி ஒருவர் கேட்கிறார். பக்கத்திலேயே பதில் இருக்கிறது. காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய மீஞ்சூர் ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறனோடு கட்டப்பட்டது. அதன் பின்னணியில் இரண்டு வகை ஆட்களும் உண்டு.

1748-இல் நொலே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சாராயம் நிரப்பிய குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீர் பையை ஊடுருவி உள்ளே ஏற, அந்த அழுத்தத்தில் பை புடைத்தது. 1877-இல் தாவரவியலாளர் ஃபெஃபர், செடியின் செல்லுக்குள் நடப்பதை அறிய இந்த அழுத்தத்தை அளந்தார். அந்த எண்களை வைத்து வேதியியலாளர் வான்ட் ஹாஃப், அழுத்தத்தைக் கணிக்கும் சூத்திரம் கண்டார். வேதியியலின் முதல் நோபல் 1901-இல் அவருக்குத்தான். மூவரில் யாரும் குடிநீரைத் தேடவில்லை.

கடல்நீருக்கு அந்தச் சூத்திரம் தரும் அழுத்தம் சுமார் 27 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதைவிடக் கூடுதலாக அழுத்தினால் ஓட்டம் தலைகீழாகும். நல்ல தண்ணீர் மறுபக்கம் வரும். ஆர்ஓ என்பது இதுதான். அமெரிக்க அரசு 1952-இல் உவர்நீருக்கென்றே தனி அலுவலகம் திறந்து ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. ஃப்ளோரிடாவில் ரீடு, பிரெட்டன் என்ற ஆய்வாளர்கள் செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கின் மெல்லிய தாளால் (மெம்பிரேன்) உப்பைத் தடுத்துக் காட்டினார்கள். ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்ததோடு சரி. தாள் தடித்தால் ஓட்டமில்லை, மெலிந்தால் கிழிகிறது.

இந்த முடிச்சை 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாவில் அவிழ்த்தவர்கள் லோபும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும். எனக்கு அலுக்காத பகுதி இதுதான். செல்லுலோஸ் அசிட்டேட்டை அசிட்டோன், தண்ணீர், மக்னீசியம் பெர்குளோரேட் கலவையில் கரைத்துக் குளிர்ந்த கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுக்கிறார்கள். சில நிமிடம் காற்றுப்பட விட்டால் மேல்பரப்பின் அசிட்டோன் மட்டும் பறந்து, காய்ச்சிய பாலின் ஏடு போல அடர்ந்த தோல் படிகிறது. உடனே ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். அசிட்டோன் வெளியேற, தண்ணீர் புக, அடிப்பகுதி அவசரத்தில் உறைந்து பஞ்சுபோல் ஓட்டையாகிறது. கடைசியாக 80 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் வைத்தால் தோலில் மிஞ்சிய துளைகள் இறுகும். இதை விட்டால் உப்பு நழுவும். காற்றில் அதிகநேரம் விட்டால் தோல் தடித்து ஓட்டம் குறையும். மொத்தத் தடிமன் சுமார் 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உப்பைத் தடுப்பது கால் மைக்ரானுக்கும் குறைவான அந்தத் தோல் மட்டுமே. மீதி சுமைதாங்கி. தாளைத் திருப்பிப் போட்டுவிட்டால் பஞ்சுக்குள் உப்பு தேங்கி, வேலை கெட்டது.

இன்று பாலிஅமைடு என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்யும் தோல் இன்னும் மெல்லியது. 99 சதவீதத்துக்கு மேல் உப்பைத் தடுக்கும். ஆனால் குளோரின் அதை அரித்துவிடும். அதனால் ஆலைகளில் சோடியம் பைசல்ஃபைட் கலந்து குளோரினைக் கொல்கிறார்கள். வீட்டு ஆர்ஓவில் அந்த வேலை கார்பன் ஃபில்டருடையது. அதைக் காலத்தில் மாற்றாதவர்கள்தான் மெம்பிரேனுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள். மெட்ரோ தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பு நீக்க ஆர்ஓ தேவையே இல்லை. ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டர் சாக்கடைக்குப் போவதுதான் மிச்சம்.

கடல்நீர் ஆலையில் 55 முதல் 70 பார் வரை அழுத்துகிறார்கள். ஆயிரம் லிட்டர் குடிநீருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும்.

ஆக, சூத்திரம் ஆசையில் பிறந்தது, தாள் தேவையில் பிறந்தது. 2020-21-இல் நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதிலும் விண்ணப்பத்தில் "பயன் என்ன?" என்ற கட்டத்தை நிரப்பியே தீரவேண்டும் என்றால் நொலேக்கு ஒரு ரூபாய் கிடைத்திராது.

ஆசையும் தேவையும் தானாகத் தொடாத கேள்வியும் ஒன்று உண்டு. 100 லிட்டர் கடல்நீரில் சுமார் 45 லிட்டர் குடிநீரானால், மீதி 55 லிட்டரில் உப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கனத்த அந்த நீரைக் கடலில் விடும்போது சரியாகக் கலக்காவிட்டால் அடியில் படியும். நண்டும் இறாலும் இருப்பது அங்கேதான். அந்த நீரை விடும் குழாயின் வாயிலிருந்து தூரம் தூரமாக, கோடையிலும் மழைக்காலத்திலும், மேல்மட்டத்தில் அல்லாமல் கடலடியில் உப்பை அளக்க வேண்டும். கருவி ஒரு படகில் கொண்டுபோகக்கூடியதுதான். பதில் தேவைப்படுவது காட்டுப்பள்ளி மீனவர்களுக்கு. ஆய்வு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் அவர்களல்ல.